எஞ்சின் ஒயில் டேட்டா ஷீட்டை எந்தளவுக்கு நம்பலாம்? கொழும்பு வாகனக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாதம் பஞ்சிகாவத்தையில் ஒரு ஒயில் கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு இளைஞர் இரண்டு நான்கு லீற்றர் கேன்களை மேசையில் வைத்துவிட்டு, போனில் அவற்றின் டேட்டா ஷீட்டை, அதாவது ஒயில் கம்பனி ஒயிலின் குணங்களை எண்களாக வெளியிடும் தாளை, பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கேனும் 5டபிள்யூ-30 என்ற ஒரே தடிப்பு கிரேடு. ஒன்றின் தாளில் ஃப்ளாஷ் பொயின்ட் (சூடான ஒயிலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) 228 பாகை, மற்றதில் 236. "நானா, இதுதானே நல்லது? எட்டுப் பாகை கூட இருக்கே" என்று கேட்டார். கடைக்கார நானா, "ரெண்டும் நல்லதுதான் தம்பி, விருப்பமானத எடுங்க" என்றார். இளைஞர் 236ஐ எடுத்துக்கொண்டு போனார். அதற்காக இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்தார்.

அந்த எட்டுப் பாகைக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஃப்ளாஷ் பொயின்ட்டை அளக்கும் ஏஎஸ்டிஎம் டி92 என்ற சோதனை முறையில், ஒரே ஒயிலை இரண்டு ஆய்வுகூடங்கள் அளந்தால் 18 பாகை வரை வித்தியாசம் வரலாம் என்று அந்த முறையே ஏற்றுக்கொள்கிறது. அவர் தாளைத் தேடி வாசித்ததே பெரிய விஷயம், பெரும்பாலானோர் அதுகூடச் செய்வதில்லை. ஆனால் எந்த வரியை எவ்வளவு நம்புவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்த வழிகாட்டியை அவரை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேட்டா ஷீட் ஒரு ஒயிலை வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு நன்றாக உதவும். இரண்டு நல்ல ஒயில்களில் எது சிறந்தது என்று தீர்மானிக்க அநேகமாக உதவாது. அப்புறம், தாளில் இருப்பதுதான் கேனுக்குள் இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்தத் தாளிடம் பதிலே கிடையாது.

முதல் படி: தாளைத் திறக்குமுன் உங்கள் எஞ்சின் கேட்பது என்னவென்று பாருங்கள்

இது சின்ன வேலை, ஆனால் இதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் வீண். கொழும்பில் ஓடும் கார்களில் பெரும்பங்கு ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்தவை. கையேடு ஜப்பான் மொழியில் டேஷ்போர்ட் அறைக்குள் கிடக்கும். போன் கமராவால் மொழிபெயர்த்தால் ஒயில் பக்கத்தைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். கிரேடு எண்கள் எந்த மொழியிலும் ஒன்றுதான். ஒயில் ஊற்றும் மூடியிலும் பெரும்பாலும் 0டபிள்யூ-20 போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். கிரேடு, தரக் குறியீடு (ஏபிஐ, ஐல்சாக், ஏசிஈஏ, ஜாசோ போன்ற தர அமைப்புகள் வகுத்தவை), ஐரோப்பிய வாகனமென்றால் அந்தத் தயாரிப்பாளரின் அங்கீகார எண், இந்த மூன்றையும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனித் தாளில் முதலில் தேடவேண்டியது இவற்றைத்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் கையில் இருந்த வாகனத்தையே காப்பாற்றவேண்டி இருந்தது, இன்றைய விலையில் இனியும் அப்படித்தான். என் வேகன் ஆர் இன்னும் பல வருடம் ஓடியாக வேண்டும். ஒயில் விஷயத்தில் நான் இவ்வளவு மினக்கெடுவதற்கு அதுதான் காரணம்.

இரண்டாம் படி: அது உங்கள் கேனுக்குரிய தாள்தானா?

ஒயிலின் பெயரைக் கூகுளில் போட்டால் முதலில் வருவது ஐரோப்பியத் தாளாகவோ அவுஸ்திரேலியத் தாளாகவோ இருக்கலாம். நம் கடையில் இருக்கும் கேன் இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ டுபாயிலோ இங்கேயே இலங்கையிலோ கலக்கப்பட்டிருக்கலாம். ஒரே பெயரில், ஒரே நிறக் கேனில், நாட்டுக்கு நாடு வேறு கலவை விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். அதனால் மூன்று விஷயங்களை ஒப்பிட வேண்டும்: கேனின் பின்புறம் உள்ள தயாரிப்பு நாடு, தயாரிப்புக் குறியீடு, தரக் குறியீடு. கேனில் ஏபிஐ எஸ்என் என்றும் தாளில் ஏபிஐ எஸ்பி என்றும் இருந்தால் அது வேறு கலவைக்கான தாள். எஸ்பி தரம் 2020 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எஸ்என் என்று போட்ட கேன் அதற்கு முந்திய தலைமுறை.

தாளின் அடியில் திகதியையும் பாருங்கள். திகதியே இல்லாத தாளை நான் பாதிதான் நம்புவேன்.

எனக்கே நடந்த ஒன்று. ஒரு ஒயிலின் தாளை வாங்கிய நாளில் இறக்கி வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து அதே பெயருள்ள புதிய தாளை இறக்கினேன். எல்லா எண்களும் அப்படியே இருந்தன, ஆனால் ஆவியாதல் இழப்பு என்ற வரி மட்டும் காணாமல் போயிருந்தது. விநியோகஸ்தருக்கு எழுதிக் கேட்டேன். "தாளில் உள்ளவை மாதிரி மதிப்புகள் மட்டுமே" என்று ஒரு வரிப் பதில் வந்தது. கலவை மாறியதா, தாள் மாத்திரம் மாறியதா என்று கடைசிவரை சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒயில் வாங்கும் ஒவ்வொரு தடவையும் தாளை இறக்கித் திகதியோடு சேமித்து வைக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: அடிக்குறிப்பிலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள்

ஏறக்குறைய எல்லாத் தாளிலும் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: இவை வழமையான மதிப்புகள், உத்தரவாதமல்ல, உற்பத்திக்கு உற்பத்தி சற்று மாறலாம். அதைச் சட்டத்தரணி எழுதிய சம்பிரதாய வரி என்று தாண்டிப் போகாதீர்கள். முழுத் தாளிலும் மிக நேர்மையான வரி அதுதான்.

அதன் பொருள் இதுதான். உதாரணத்துக்கு, 100 பாகையில் ஒயிலின் தடிப்பு 10.5 சென்டிஸ்டோக் என்று தாள் சொல்கிறது. கம்பனி உங்கள் கேனை அளந்து அதை எழுதவில்லை. பல பாச்சுகளின் (ஒரே தடவையில் கலக்கும் தொகுதிகளின்) சராசரியாகவோ, கலவையை வடிவமைத்தபோது கிடைத்த எண்ணாகவோ இருக்கலாம். எஸ்ஏஈ ஜே300 என்ற தரநிலைப்படி 30 கிரேடு ஒயில் 9.3க்குக் குறையாமலும் 12.5க்குக் கீழும் இருந்தால் போதும். கம்பனிகள் உள்ளுக்குள் இதைவிட இறுக்கமான எல்லை வைத்திருப்பார்கள், அதை நமக்குக் காட்டுவதில்லை. எனவே ஒரு தாளில் 10.3, இன்னொன்றில் 10.6 என்றால் இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேனின் உண்மையான எண்கள் அந்தப் பாச்சின் பகுப்பாய்வுச் சான்றிதழில் இருக்கும். ஒவ்வொரு பாச்சுக்கும் தொழிற்சாலையில் ஒன்று எழுதுவார்கள். பெரிய வாகனத் தொகுதி வைத்திருக்கும் கம்பனிகள் அதைக் கேட்டு வாங்குகின்றன. தனியாள் கேட்டால் கிடைப்பது அரிது, ஆனாலும் பாச் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேட்பதில் தவறில்லை.

நான்காம் படி: வினைச்சொல்லைக் கவனியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தாளில் தர அங்கீகாரங்கள் என்ற தலைப்பின் கீழ் நிறைய எண்கள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். "அப்ரூவ்ட்" என்றால் வாகனத் தயாரிப்பாளரோ தர அமைப்போ அந்த ஒயிலைப் பார்த்து அனுமதி கொடுத்திருக்கிறார்கள். "மீட்ஸ்" என்றால் தகுதி உண்டு என்று ஒயில் கம்பனியே சொல்கிறது. "சூட்டபிள் ஃபோர்", "ரெக்கமெண்டட் ஃபோர்" என்றால் இன்னும் கீழே, இதைப் போட்டால் பிரச்சினை வராது என்பது கம்பனியின் அபிப்பிராயம். மூன்றையும் ஒரே பட்டியலில் கலந்து போட்டிருந்தால் அந்தத் தாளை எழுதியவர் நம் கண்ணை மறைக்கப் பார்க்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

நல்ல செய்தி, இவற்றில் சிலவற்றைத் தாளுக்கு வெளியே சரிபார்க்கலாம். ஏபிஐ உரிமம் பெற்ற ஒயில்களின் பட்டியல் இணையத்தில் இலவசம், பிராண்ட் பெயரைப் போட்டுத் தேடலாம். உரிமம் உள்ள ஒயில் மட்டுமே ஏபிஐயின் வட்ட முத்திரையைக் கேனில் அச்சிடலாம். முத்திரை இல்லாமல் எழுத்தில் மட்டும் ஏபிஐ எஸ்பி என்றிருந்தால் அது கம்பனியின் சொந்த வாக்கு. மெர்சிடிஸ் பென்ஸ் தான் அங்கீகரித்த ஒயில்களின் பெயர்களை 229.5 போன்ற எண்வாரியாக இணையத்தில் வைத்திருக்கிறது. தாளில் 229.5 இருந்து அந்தப் பட்டியலில் ஒயிலின் பெயர் இல்லையென்றால் தாளை விட்டுவிட்டுப் பட்டியலை நம்புங்கள்.

ஏசிஈஏ மட்டும் வேறு விதம். அந்த ஐரோப்பிய அமைப்பு எந்த ஒயிலுக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. தேவைகளை வெளியிடுகிறது, சோதனை செய்து உரிமை கோருவது ஒயில் கம்பனியின் பொறுப்பு. ஆகவே "ஏசிஈஏ அப்ரூவ்ட்" என்று ஒரு தாள் சொன்னால், எழுதியவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம். எனக்கு அது ஒரு சிவப்பு விளக்கு.

மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி வைத்திருப்பவர்களுக்கு: பெரும்பாலான இந்த வண்டிகளில் கிளட்ச் எஞ்சின் ஒயிலிலேயே நனைந்து ஓடுகிறது. உங்களுக்கு முக்கியமான வரி ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2. ஜாசோவிலும் கம்பனிதான் சோதனை செய்து பதிவு செய்கிறது, ஆனால் பதிவான ஒயில்களின் பட்டியல் பகிரங்கமாக இருக்கிறது, கேனிலும் பதிவு எண்ணோடு பெட்டி வடிவ முத்திரை வரும். எரிபொருள் சிக்கனத்துக்கென்று செய்த கார் ஒயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். அந்த எச்சரிக்கை கார் ஒயிலின் தாளில் பெரும்பாலும் இருக்காது.

ஐந்தாம் படி: எந்த எண் கொழும்புக்குப் பேசுகிறது?

குளிர்ச்சி எண்களை முதலில் தள்ளி வையுங்கள். போர் பொயின்ட், அதாவது ஒயில் இன்னும் ஓடக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை, மறை 39, மறை 42 என்று இருக்கும். இந்த எண்கள் ஏன் பெரும்பாலும் மூன்றின் மடங்காக வருகின்றன என்று யோசித்ததுண்டா? அந்தச் சோதனையில் ஒயிலை மூன்று மூன்று பாகையாகக் குளிராக்கிப் போத்தலைச் சரித்துப் பார்க்கிறார்கள். ஆகவே 39க்கும் 42க்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு படி. கொழும்பில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அரிது. நுவரெலியாவில் உறைபனி விழும் நாளுக்குக்கூட இவை எல்லாம் தாராளம்.

நமக்கு வேண்டியவை சூட்டு எண்கள். காலை எட்டு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை காலி வீதியில், ஏசி போட்டுக்கொண்டு, நகர்ந்தும் நின்றும் போகும் எஞ்சினை நினைத்துக்கொள்ளுங்கள். கிலோமீற்றர் கணக்கில் அது குறைவு, மணிக்கணக்கில் அதிகம்.

எச்டிஎச்எஸ் என்பது 150 பாகைச் சூட்டில், பேரிங்குக்குள் நடப்பதைப் போன்ற வேகமான உராய்வில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கிறது என்பது. 30 கிரேடுக்கு ஜே300 கேட்பது குறைந்தது 2.9, 20 கிரேடுக்கு 2.6, 16 கிரேடுக்கு 2.3. ஆனால் ஏசிஈஏ சி3 ஒயில் குறைந்தது 3.5 கொடுக்க வேண்டும். அதாவது கடைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு 5டபிள்யூ-30 கேன்களில், ஒன்று ஜப்பான் காருக்கான மெல்லிய ரகமாகவும் மற்றது ஐரோப்பிய டீசலுக்கான தடித்த ரகமாகவும் இருக்கலாம். கேனின் முன்பக்கம் இதைச் சொல்லாது, தாள் சொல்லும். டேட்டா ஷீட் உண்மையாகவே கைகொடுக்கும் இடம் இதுதான்.

நோவாக் என்பது ஒயிலை 250 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்தால் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்ற எண். ஐல்சாக் ஜிஎஃப்-6 தரம் 15% வரை அனுமதிக்கிறது, ஏசிஈஏ சி3 13% வரை. ஒயில் குடிக்கும் பழைய எஞ்சினுக்கு இந்த எண் குறைவாக இருப்பது நல்லது. 9க்கும் 14க்கும் இடையிலான வித்தியாசத்தை நான் பொருட்படுத்துவேன், 10க்கும் 11க்கும் இடையிலானதை மாட்டேன்.

டிபிஎன் என்பது எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலத்தைச் சமாளிக்க ஒயிலில் இருக்கும் காரத்தின் கையிருப்பு. ஓட்டோ டீசலில் சுப்பர் டீசலைவிட சல்பர் அதிகம் என்பதால் டீசல் வான்காரர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஏஎஸ்டிஎம் டி2896 முறையில் அளந்தால் எண் பொதுவாகக் கூடுதலாக வரும், டி4739 முறையில் குறைவாக வரும். எண்ணுக்குப் பக்கத்தில் முறை எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இரண்டு தாள்களை ஒப்பிடலாம். டிபிஎன் கூடினால் ஒயில் எரிந்து மிஞ்சும் சாம்பலும் கூடும் போக்கு உண்டு. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ள டீசல் வாகனத்துக்கு சல்பேட் சாம்பல் 0.8%க்கு மேல் போகாத சி3 போன்ற ஒயில்தான் பொருத்தம். பழைய ஏ3/பி4 ரகத்தில் அது 1.0 முதல் 1.6% வரை இருக்கும்.

விஸ்கோசிட்டி இன்டெக்ஸ் என்பது சூடேறும்போது ஒயிலின் தடிப்பு எவ்வளவு குறைவாக மாறுகிறது என்பதைக் காட்டும் எண். அது உயர்வாக இருந்தால் அடிப்படை எண்ணெய் உயர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண்ணைப் பொலிமர் சேர்த்தும் உயர்த்தலாம். மலிவான பொலிமர் சில ஆயிரம் கிலோமீற்றரில் நொறுங்கி ஒயில் மெலிந்துவிடும், தாளில் இருப்பதோ புதிய ஒயிலின் எண் மட்டுமே.

"ஃபுல் சிந்தெட்டிக்" என்ற சொல்லுக்கு இதே போலக் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 1999இல் அமெரிக்க விளம்பரத் துறையின் தேசிய விளம்பரப் பிரிவு, இரண்டு பெரிய ஒயில் கம்பனிகளுக்கிடையிலான வழக்காடலில், கச்சா எண்ணெயிலிருந்து கடுமையாகச் சுத்திகரித்த அடிப்படை எண்ணெயையும் சிந்தெட்டிக் என்று அழைக்கலாம் என்ற பக்கம் சாய்ந்தது. அதன் பிறகு அந்தச் சொல் ஒரு வணிகச் சொல்லாகிவிட்டது. அப்படிச் செய்த ஒயில்களிலும் அருமையானவை உண்டு, அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

ஆறாம் படி: தாள் பேசாமல் விட்டவை

எச்டிஎச்எஸ், நோவாக் இரண்டும் இல்லாத தாள்கள் நிறைய. தாளில் எந்தெந்த எண்ணைப் போடுவது என்பது கம்பனியின் விருப்பம். மோசமான எண்ணை மறைக்கிறார்கள் என்று உடனே முடிவுகட்டத் தேவையில்லை. ஆனால் அதே பிராண்டின் விலை கூடிய ஒயிலின் தாளில் நோவாக் இருந்து, மலிவான ஒயிலின் தாளில் இல்லையென்றால் அது கேட்கவேண்டிய கேள்வி.

அதைவிட முக்கியம், தேய்மானம், டைமிங் செயின் தேய்வு, டர்போ எஞ்சின்களில் முன்கூட்டியே தீப்பற்றும் கோளாறு ஆகியவை பற்றி எந்தத் தாளும் எண்ணாகச் சொல்வதில்லை. இவை உண்மையான எஞ்சினில் நாட்கணக்கில் ஓட்டிப் பார்க்கும் சோதனைகள். அவற்றில் தேறியதற்கான அடையாளம்தான் ஏபிஐ எஸ்பி போன்ற குறியீடு. அதனால்தான் நான்காம் படிக்கு அவ்வளவு இடம் கொடுத்தேன். உரிமப் பட்டியலில் இருக்கும் சாதாரண எண்களுள்ள ஒயிலுக்கும், பட்டியலில் இல்லாத அழகான எண்களுள்ள ஒயிலுக்கும் இடையில் தெரிவு வந்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

"40% கூடுதல் பாதுகாப்பு" போன்ற வரிகளைக் கண்டால் எதைவிடக் கூடுதல் என்று தேடுங்கள். அநேகமாகத் தரநிலை அனுமதிக்கும் எல்லையைவிட என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த எல்லைக்குள் வராத ஒயில் சந்தைக்கே வந்திருக்கக் கூடாது.

ஏழாம் படி: ஒரு சின்னக் கணக்கு

தாளைக் கவனமாக எழுதினார்களா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி இது. 40 பாகைத் தடிப்பையும் 100 பாகைத் தடிப்பையும் இணையத்தில் உள்ள விஸ்கோசிட்டி இன்டெக்ஸ் கல்குலேட்டரில் போடுங்கள். 60, 10.5 என்று போட்டால் 165 அளவில் வர வேண்டும். தாளில் உள்ள இன்டெக்ஸ் ஒன்றிரண்டு கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. இருபது தள்ளியிருந்தால் வேறொரு கிரேடின் தாளிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அப்படி ஒன்றை நான் கண்டிருக்கிறேன், 10டபிள்யூ-40 தாளின் இன்டெக்ஸும் ஃப்ளாஷ் பொயின்ட்டும் அதே கம்பனியின் 5டபிள்யூ-30 தாளில் அப்படியே இருந்தன. இந்த ஒரு வரி பிழைத்தால் மற்ற வரிகளையும் நம்ப மனம் வராது.

எட்டாம் படி: தாளிலிருந்து கேனுக்கு

இவ்வளவும் செய்து கராஜுக்குப் போய், மெக்கானிக் பாஸ் பெரலிலிருந்து ஜக்கில் பிடித்து ஊற்றினால் வாசித்த தாளுக்கும் உங்கள் எஞ்சினுக்கும் சம்பந்தம் அறுந்துவிடும். சீல் உடைக்காத கேனை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். "பாஸ், கோபிக்காதீங்க, இதை நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்" என்றால் நல்ல பாஸ் யாரும் கோபிக்கமாட்டார். மூடியின் வளையம் முழுமையாக இருக்கிறதா, வாய்க்குள் தகட்டு சீல் இருக்கிறதா, பாச் எண்ணும் திகதியும் அழியாமல் இருக்கிறதா, கேனில் கியூஆர் குறியீடு இருந்தால் அது கம்பனியின் தளத்துக்கே போகிறதா என்று பாருங்கள். வழக்கமான விலையைவிட மிகவும் குறைவாகச் சொன்னால் வாங்காதீர்கள்.

பில்லில் ஒயிலின் முழுப் பெயர், கிரேடு, லீற்றர் அளவு மூன்றும் எழுதித்தரச் சொல்லுங்கள். போலி என்று சந்தேகம் வந்தால் கேனையும் பில்லையும் வைத்துக்கொண்டு 1977 என்ற இலக்கத்தில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். பிராண்டின் உள்ளூர் விநியோகஸ்தருக்கும் பாச் எண்ணின் படத்தை அனுப்புங்கள். போலியால் அவர்களுக்கும் நட்டம் என்பதால் இந்த விஷயத்தில் பொதுவாகச் சீக்கிரம் பதில் வரும்.

வேலை முடிந்ததும் வெறுங்கேனைக் கராஜில் விட்டு வராதீர்கள். நல்ல நிலையில் இருக்கும் வெறுங்கேனைத் தேடி வாங்க ஆட்கள் இருக்கிறார்கள், அது எங்கே போய் எதனால் நிரம்புகிறது என்று நமக்குத் தெரியாது. நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, லேபலுக்குக் குறுக்கே கத்தியால் ஒரு கீறல், அடியில் ஆணியால் மூன்று ஓட்டை போட்டு, அதற்குப் பிறகுதான் பழைய போத்தல் பேப்பர்காரரிடம் கொடுக்கிறேன்.